‘மண்தானே’ என்று சொல்ல யாருக்கு உரிமை?

நண்பர்களே, முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் கவனக்குறைவால் இன்னொருவருடைய பொருள் உடைந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை. உங்கள் மேல் யாருக்கும் சந்தேகமும் இல்லை. அந்தப் பொருளைக் கடையில் வாங்கினால் ஐந்தாறு வெள்ளிதான் இருக்கும். நீங்கள் வாய் திறக்காவிட்டால் விஷயம் அத்தோடு முடிந்தது. என்ன செய்வீர்கள்?

“இதுல யோசிக்க என்ன இருக்கு? போய்ச் சொல்லிடணும்” என்பீர்கள். என்னைக் கேட்டிருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். சமய வகுப்பில் தம்பி தங்கைகளுக்கு அப்படித்தான் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். ஆனால் எனக்கே நடந்தபோது மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. அதைவிட வெட்கமான விஷயம், அந்த மூன்று நாளும் நம் சமயத்தில் இருந்தே எனக்குச் சாதகமான நியாயங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இதை வேறு எங்கும் எழுதாமல் நம் இதழில் எழுதுகிறேன்.

மண் வேலைக்குப் போன கதை

நான் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். காலையில் இருந்து இரவு வரை கணினித் திரைதான். ஒரு பொருளை வரைவோம், அழுத்தம் கொடுத்துப் பார்ப்போம், உடைகிறதா என்று கணக்குப் போடுவோம். எல்லாம் திரையில்தான். ஒன்றையும் கையால் தொட்டதே இல்லை. இப்படியே ஒன்றரை ஆண்டு போனபிறகு ஒருநாள் பெட்டாலிங் ஜெயாவில், ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் இருக்கும் மண்பாண்டக் கூட்டுப் பட்டறையில் சேர்ந்தேன்.

கூட்டுப் பட்டறை என்றால், மாதச் சந்தா கட்டி எல்லாரும் ஒரே இடத்தைப் பயன்படுத்துவது. ஆறு சக்கரம், நீளமான இரண்டு மேசை, காய வைக்கும் அலமாரி, ஒரே ஒரு மின்சூளை. மண்ணை மட்டும் அவரவர் மூட்டையாக வாங்கிக்கொள்ள வேண்டும். பட்டறையை நடத்துபவர் ஒரு மலாய்க்கார அக்கா. எங்களோடு ஒரு தாதி, வங்கியில் வேலை செய்யும் ஒருவர், ஓய்வுபெற்ற சீன ஆரம்பப்பள்ளி ஆசிரியை ஒருவர் என்று பத்துப் பன்னிரண்டு பேர் உண்டு. அந்த ஆசிரியையை எல்லாரும் ‘டீச்சர்’ என்றே கூப்பிடுவோம்.

வீட்டில் சொன்னதும் அம்மா சிரித்தார். “இஞ்சினியர் ஆகப் போனவன் சட்டி பானை செய்யப் போயிட்டானா?” பாட்டிக்கு மட்டும் சந்தோஷம். பொங்கல் வந்தால் கோலசிலாங்கூர் பக்கம் தமிழர்கள் சக்கரத்தில் வனைந்து விற்கும் பானையைத்தான் பாட்டி வாங்குவார். ஒவ்வொரு பானையையும் விரல் முட்டியால் தட்டி, காதருகே வைத்துக் கேட்டு, ‘டங்’ என்று சத்தம் வந்தால்தான் எடுப்பார். “நீ செஞ்சதையும் தட்டிப் பார்ப்பேன்” என்றார்.

முதல் மாதம் ஒன்றும் வரவில்லை. சக்கரத்தின் நடுவில் மண்ணை நிறுத்துவதற்கே ஐந்து வாரம் ஆனது. ஆனால் பட்டறையின் சட்டதிட்டங்கள் எனக்கு உடனே பிடித்துப்போயின. தரையைக் காய்ந்த விளக்குமாற்றால் கூட்டக்கூடாது. மண்தூசியில் சிலிக்கா இருக்கிறது, அது பறந்தால் எல்லார் நுரையீரலுக்கும் கேடு. அதனால் ஈரப் பஞ்சால்தான் துடைக்க வேண்டும். கெட்டுப்போன பானை, ஓரத்தில் வெட்டியெடுத்த துண்டு, கையில் ஒட்டிய சேறு எல்லாம் ஒரே வாளிக்குள் போக வேண்டும். தண்ணீரில் ஊறி, இறுகி, மறுபடி பிசைந்தால் நல்ல மண். அதில் யார் மண் எது என்று யாராலும் பிரிக்க முடியாது.

சுடும்வரைதான் இந்த வசதி. சூளையில் 500, 600 டிகிரி தாண்டும்போது மண்ணின் கட்டமைப்புக்குள்ளேயே இருக்கும் நீரும் வெளியேறிவிடுகிறது. அதற்குப் பிறகு எத்தனை நாள் ஊறவைத்தாலும் அது பழைய மண்ணாகாது. அதுவரை எந்தத் தவற்றையும் கரைத்துத் திருத்திவிடலாம்.

கன்னத்துக்குத் தெரிந்தது

பட்டறையிலேயே பெரிய கூட்டுச் சொத்து சூளைதான். ஒரு தடவை மூட்டினால் பத்துப் பேருடைய சாமானும் ஒன்றாக வேகும். முதல் சூட்டில் ஏறக்குறைய 1,000 டிகிரி வரை போகும். அதனால் அக்காவிடம் ஒரு கண்டிப்பான விதி உண்டு: முழுக்கக் காயாத எதையும் சூளைக்குள் வைக்கக்கூடாது. காரணத்தை ஒரு பொறியியல் மாணவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. 100 டிகிரியில் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 மடங்கு இடம் கேட்கும். தடித்த மண்ணுக்குள் மாட்டிக்கொண்ட ஆவிக்கு வெளியே போக வழி இல்லையென்றால் பானை வெடிக்கும். தான் மட்டும் வெடிக்காது, பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து உடைக்கும்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு பழைய வழி இருக்கிறது. பானையைக் கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பது. சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

போன நவம்பரில் திருக்கார்த்திகைக்காக ஒரு விளக்கு செய்தேன். அகல் மாதிரி இல்லாமல் குத்துவிளக்கு போல உயரமாக, தடித்த தண்டோடு செய்தேன். “தண்டை உள்ளே குடைஞ்சிடு” என்று அக்கா முன்பே சொல்லியிருந்தார். குடைந்தால் வடிவம் கெட்டுப்போகுமோ என்று விட்டுவிட்டேன். அந்த மாதம் மழை எப்படி என்று உங்களுக்கே தெரியும். துவைத்த துணியே காயவில்லை. சூளை மூட்டும் நாளன்று விளக்கைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தேன். சில்லென்றுதான் இருந்தது.

அடுத்த சூளை இரண்டு வாரம் கழித்து. அதற்குள் கார்த்திகை போய்விடும். மறுநாள் எனக்கு இடைத்தேர்வு வேறு. தாளில் என் பெயருக்கு நேரே ‘காய்ந்தது’ என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடினேன். மறுநாள் தேர்வில் முதல் கேள்வியே நீராவி அட்டவணையைப் பற்றியது. முழு மதிப்பெண் வந்தது.

இரண்டு நாள் கழித்து அக்கா சூளையைத் திறந்தார். கீழ்த்தட்டு முழுக்கத் துண்டுகள். என் விளக்கு இருந்த அடையாளமே இல்லை. பக்கத்தில் டீச்சருடைய மூன்று தேநீர்க் கோப்பைகள் வாயும் வயிறும் உடைந்து கிடந்தன. வெடித்தது 100 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஆனால் சூளை அதற்குப் பிறகும் இரவெல்லாம் எரிந்து 1,000 வரை போயிருக்கிறது. உடைந்த துண்டுகளும் நன்றாகச் சுட்டு முடிந்திருந்தன. வாளியில் போட்டு ஊறவைக்க இனி வழி இல்லை.

அந்தத் தட்டில் நாலு பேருடைய சாமான் இருந்தது. எது முதலில் வெடித்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. “மழைக்காலம், சில நேரம் இப்படி ஆகும்” என்றார் அக்கா. என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னார். டீச்சர் ஒன்றும் பேசவில்லை. மூன்று கோப்பையின் துண்டுகளையும் பொறுக்கி, பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவர் போனபிறகுதான் தாதி சொன்னார்: இறந்துபோன கணவருடைய படத்துக்கு முன்னால் தேநீர் வைக்கச் செய்த கோப்பைகளாம் அவை. டீச்சருக்கு மணிக்கட்டு வலி. அந்த மூன்றும் ஒரே அளவில் வர நான்கு மாதம் ஆனதாம்.

விளக்கு ஈரமாக இருந்தது என் கன்னத்துக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்று நாள் வேதாந்தம்

அன்றிரவு என்னுள் ஒரு வழக்கறிஞர் வேலையை ஆரம்பித்துவிட்டார்.

முதல் வாதம்: நான் வேண்டும் என்று செய்யவில்லையே. உண்மைதான். டீச்சருடைய கோப்பையை உடைக்க வேண்டும் என்று எனக்கு ஆசையா என்ன? ஆனால் இந்த வாதம் அதிக நேரம் நிற்கவில்லை. தெரியாமல் செய்வது வேறு, தெரிந்ததைத் தெரியாத மாதிரி தள்ளி வைப்பது வேறு. சில்லென்று இருந்ததை உணர்ந்த பிறகுதான் அந்தக் கோடு போட்டேன். என் சொந்தச் சூளையாக இருந்தால் அது என் சூதாட்டம், வெடித்தால் என் நஷ்டம். இங்கே நான் பணயம் வைத்தது அடுத்தவருடைய நான்கு மாத உழைப்பை, அதுவும் அவரைக் கேட்காமல். பொறியியலில் பாதுகாப்புக் காரணி என்று ஒன்று படிக்கிறோம். தேவையான பலத்துக்கு மேல் கூடுதல் பலம் வைத்துத்தான் ஒரு பாலத்தை வடிவமைக்க வேண்டும். பாலத்தின் மேல் நடக்கப் போவது கணக்குப் போட்டவன் மட்டும் இல்லையே.

இரண்டாவது வாதத்தை என் அறைத் தோழன் எடுத்துக் கொடுத்தான். “விடு மச்சான். உடையணும்னு இருந்துருக்கு, உடைஞ்சிருச்சு. எல்லாம் கர்மா லா.” கேட்க எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா! ஆனால் படுத்தபிறகு தூக்கம் வரவில்லை. இங்கே நாங்கள் யாருடைய கர்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்? டீச்சருடையதை. என்னுடையதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. கர்மா என்ற சொல்லுக்கே முதல் பொருள் செயல்தான். யார் செய்தாரோ அவரை நோக்கித்தான் அந்தச் சொல் விரல் நீட்டுகிறது. நாமோ அதைத் திருப்பிப் பிடித்து, அடி வாங்கியவரைப் பார்த்து “உன் கர்மா” என்கிறோம். விபத்தில் கால் போனவரிடம், வேலை போனவரிடம், குழந்தை இல்லாதவரிடம் நம் ஆட்கள் எத்தனை பேர் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறோம்! என் செயலைக் கேள்வி கேட்க வந்த தத்துவத்தை அடுத்தவருடைய துன்பத்துக்கு விளக்கமாக மாற்றிவிட்டால் அதில் அறம் எங்கே இருக்கிறது?

மூன்றாவது வாதம்தான் மிகவும் ஆபத்தானது, ஏனென்றால் அது மிகவும் உயர்ந்தது. சாந்தோக்ய உபநிடதத்தின் 6-ஆம் அத்தியாயத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்குச் சொல்லும் பாடம் நமக்குத் தெரியும். ஒரு மண்ணுருண்டையை அறிந்தால் மண்ணால் ஆன எல்லாவற்றையும் அறிந்ததாகும். பானை, சட்டி, கோப்பை என்பதெல்லாம் பெயர்கள். மண் ஒன்றே உண்மை. கீதையும் பலனில் பற்று வைக்காதே என்கிறது. அப்படியென்றால் கோப்பை உடைந்தால்தான் என்ன? மண் மண்ணாகத்தானே இருக்கிறது! டீச்சர் பற்றை விடக் கற்றுக்கொள்ள இது ஒரு நல்ல வாய்ப்பு இல்லையா?

ஆமாம், இப்படியும் யோசித்தேன். மறைக்கவில்லை.

மூன்றாம் நாள் இரவு அம்மா கூப்பிட்டார். விளக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். நடந்ததைச் சொல்லிவிட்டு, மண், மாயை, பற்று என்று நானும் கொஞ்சம் பேசினேன். அம்மா உபநிடதம் படித்தவர் இல்லை. தோட்டத்தில் பிறந்து, தொழிற்சாலையில் வேலை செய்து எங்களை வளர்த்தவர். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுக் கேட்டார்:

“ஏண்டா, அடுத்த வீட்டுப் பாத்திரத்தை உடைச்சிட்டு வேதாந்தம் பேசுவியா? உன் மடிக்கணினியை அந்தம்மா கீழே போட்டுட்டு இதையே சொன்னா ஒத்துக்குவியா?”

எனக்குப் பதில் வரவில்லை.

அதன் பிறகுதான் அந்த உபநிடதக் கதையின் தொடக்கம் நினைவுக்கு வந்தது. சுவேதகேது 12 வயதில் குருகுலம் போய், 24 வயதில் எல்லாம் படித்து முடித்த செருக்கோடு வீட்டுக்கு வருகிறான். ஏறக்குறைய நம் வயதுதான்! அவனுடைய செருக்கைப் பார்த்த பிறகுதான் அப்பா மண்ணுருண்டையை உவமையாக எடுக்கிறார். ‘நான் இன்னார்’ என்று நிமிர்ந்து நிற்பவனுடைய பெயரையும் வடிவத்தையும் கரைக்க வந்த பாடம் அது. அதை அவன் தெருவில் இறங்கி, பானை உடைந்து அழும் ஒருவரிடம் போய் “இது வெறும் பெயர்தான்” என்று சொல்லியிருந்தால், அவன் பாடத்தைப் புரிந்துகொண்டதாகவா அர்த்தம்?

என் விளக்கு போனதற்கு நான் ‘மண்தானே’ என்று சொல்லலாம். சொல்லவும் வேண்டும், அது எனக்குப் பயிற்சி. டீச்சருடைய கோப்பைக்கு அதைச் சொல்லும் உரிமை டீச்சருக்கு மட்டும்தான் உண்டு. அவர் சொன்னால் அது ஞானம். அதையே நான் சொன்னால் அது தப்பித்தல்.

திருநீலகண்டரின் ஓடு

நம் 63 நாயன்மார்களில் ஒருவர் குயவர். தில்லையில் வாழ்ந்த திருநீலகண்டர். சிவனடியார்களுக்குத் திருவோடு வனைந்து இலவசமாகக் கொடுப்பதைத் தொண்டாகச் செய்தவர். ஒரு தவறுக்காக மனைவி ‘எம்மைத் தொடாதீர்’ என்று இறைவன் பெயரால் ஆணையிட, இருவரும் ஒரே வீட்டில், ஊருக்குத் தெரியாமல், முதுமை வரை தொடாமலே வாழ்ந்தார்கள் என்று பெரிய புராணம் சொல்கிறது. சமய வகுப்பில் இந்தப் பகுதியைத்தான் அதிகம் பேசுவோம். எனக்கு அந்த வாரம் நெஞ்சில் தைத்தது அதற்கு அடுத்த பகுதி.

சிவயோகியாக வந்த இறைவன் ஓர் ஓட்டைக் கொடுத்து, கேட்கும்போது திருப்பித் தா என்று சொல்லிப் போகிறார். பிறகு அவரே அதை மறையச் செய்துவிட்டு வந்து கேட்கிறார். திருநீலகண்டர் வீடு முழுக்கத் தேடுகிறார், காணோம். வேறு நல்ல ஓடு தருகிறேன் என்கிறார். யோகி ஒத்துக்கொள்ளவில்லை. பொன்னால் ஆன ஓடு கொடுத்தாலும் வேண்டாம், நான் தந்த ஓடுதான் வேண்டும் என்கிறார்.

சின்ன வயதில் இதைக் கேட்டபோது, “என்ன சாமி இது, ஓர் ஓட்டுக்கு இவ்வளவு பிடிவாதமா?” என்று நினைத்திருக்கிறேன். யோசித்துப் பாருங்கள், ஓடு வனைவதையே தொழிலாகக் கொண்டவரிடம் போய் ஓடு கேட்கிறார்! அவர் நினைத்தால் ஒரே நாளில் எத்தனையோ வனைந்து கொடுத்துவிடலாம். ஆனால் ஒருவர் நம்பி ஒப்படைத்ததை அதைவிட விலை உயர்ந்த ஒன்றால் சமன் செய்துவிட முடியாது என்பதை இதைவிட நன்றாக எப்படிச் சொல்ல முடியும்? அதுவும் அந்த ஓடு காணாமல் போனதில் அவர் தவறு துளியும் இல்லை. அப்படியும் அவர் ‘அது மண்தானே’ என்று சொல்லவில்லை. ‘உங்கள் கர்மா’ என்றும் சொல்லவில்லை.

கடைசியில், மனைவியின் கையைப் பிடித்துக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய்ய வேண்டிய நிலை. மூங்கில் கோலின் இரு முனையை இருவரும் பிடிக்கிறார்கள். அதற்கும் யோகி விடவில்லை. அப்போதுதான் அவர் வாழ்நாள் முழுக்க மறைத்த தன் பழைய கதையை ஊரார் முன்னால் சொல்லிவிட்டு மூழ்குகிறார். இருவரும் இளமை பெற்று எழுகிறார்கள்.

எனக்கு இளமை ஏற்கெனவே இருக்கிறது. சொல்லத்தான் துணிச்சல் இல்லாமல் இருந்தது.

சொன்ன பிறகு

மறுநாள் மாலை பட்டறைக்குப் போனேன். முதலில் அக்காவிடம் சொன்னேன். பிறகு டீச்சரிடம்.

“வெடித்தது என் விளக்குதான், டீச்சர். ஈரமாக இருந்தது.”

“உனக்கு அப்போதே தெரியுமா?”

“தெரியும்.”

அவர் சரி என்று தலையாட்டிவிட்டு மேசையைத் துடைக்கத் தொடங்கினார். ‘பரவாயில்லை’ என்று சொல்லவில்லை. நான் அதை எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன் என்பது, அது கிடைக்காதபோதுதான் எனக்கே புரிந்தது. மூன்று கோப்பை நான் செய்து தருகிறேன் என்றேன். “என் வீட்டுக்காரருக்கு நான்தான் செய்வேன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். யோகிக்கு வேறு ஓடு வேண்டாம் என்பது அந்த நொடியில் எனக்கு நன்றாகவே விளங்கியது.

அடுத்த இரண்டு வாரம் என்னோடு அவர் அதிகம் பேசவில்லை. மூன்றாவது வாரம், “மண் பிசையும்போது மணிக்கட்டு வலிக்குது, பிசைஞ்சு தர்றியா?” என்று கேட்டார். அன்றிலிருந்து வாரம் ஒருமுறை என் வேலையைத் தொடங்கும் முன் அவருடைய மண்ணைப் பிசைந்து, சமமான மூன்று உருண்டையாகப் பிரித்து, ஈரத்துணி போட்டு மூடி வைக்கிறேன். இதனால் கணக்குத் தீர்ந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. அவரும் அப்படிச் சொல்லவில்லை. இரண்டு கோப்பை வந்துவிட்டது, மூன்றாவதுக்கு இன்னும் அளவு சரியாக அமையவில்லை.

இப்போது ‘காய்ந்தது’ கட்டத்தில் நாங்கள் ஒருவருக்கொருவர் கையெழுத்துப் போடுகிறோம். என் பானையை இன்னொருவர் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சூளைக்குள் போகும். இந்த யோசனையை அக்காதான் சொன்னார், நான் சொன்னதற்குப் பிறகு. மறைத்திருந்தால் எல்லாரும் மழையைக் குறை சொல்லிக்கொண்டு, அடுத்த வெடிப்புக்குக் காத்திருந்திருப்போம்.

நண்பர்களே, மண்பாண்டப் பட்டறைக்கு நீங்கள் போகாமல் இருக்கலாம். ஆனால் நாம் எல்லாரும் ஏதோ ஒரு பொதுச் சூளைக்குள்தான் இருக்கிறோம். விடுதியின் சமையலறை, நாலு பேர் சேர்ந்து செய்யும் ஆய்வறிக்கை, கோயில் அன்னதானக் கூடம், நம் கிளையின் பணப்பெட்டி எல்லாம் அதுதான். நாம் போடும் ஒரு சின்னப் பொய்க் கோடு அங்கே இன்னொருவருடைய நான்கு மாதத்தை உடைக்கும். உடைந்த பிறகு கையில் தயாராகக் கிடைப்பது பெரிய பெரிய தத்துவங்கள்தான். அவற்றை எடுப்பதற்கு முன் ஒன்றே ஒன்றைப் பாருங்கள்: இதை நான் என் நஷ்டத்துக்குச் சொல்லிக்கொள்கிறேனா, அடுத்தவர் நஷ்டத்துக்குச் சொல்கிறேனா?

வருகிற கார்த்திகைக்கு மறுபடியும் ஒரு விளக்கு செய்திருக்கிறேன். தண்டை உள்ளே குடைந்துவிட்டேன். வடிவம் கொஞ்சம் கோணல்தான். போன வாரம் டீச்சர் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “இன்னும் நாலு நாள்” என்றார். காத்திருக்கிறேன். சுட்டு முடிந்ததும் பாட்டியிடம் கொண்டுபோக வேண்டும். அவர் தட்டிப் பார்ப்பார்.